சாயாக்கீரை: மரவள்ளியைப் போல நடுங்கள், மரவள்ளியைப் போல வேகவையுங்கள்

மலையாளி உணவகத்தில் ‘சாயா’ என்றால் தேநீர் வரும். மலாய்க்காரரிடம் ‘சாயா’ என்றால் ‘நான்’ என்று பொருள். இங்கே பேசப்போகும் சாயா இரண்டும் இல்லை. மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் மாயா மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உண்ணும் ஒரு புதர்க்கீரை அது. விட்டால் 5, 6 மீட்டர் உயர்ந்து மரமாகிவிடும். தமிழ்நாட்டில் மரக்கீரை, மெக்சிகன் கீரை, சாயா மன்சா என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்தோனேசியாவில் ‘பெப்பாயா ஜெபாங்’, அதாவது ஜப்பான் பப்பாளி. ஜப்பானுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, பப்பாளிக்கும் உறவுமில்லை. தாவரவியல் பெயர் க்னிடோஸ்கோலஸ் அகோனிடிஃபோலியஸ்.

உண்மையான உறவு வேறு இடத்தில் இருக்கிறது. மரவள்ளி, ரப்பர், ஆமணக்கு, காட்டாமணக்கு எல்லாம் சேர்ந்த குடும்பம் இதன் குடும்பம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். குச்சி வெட்டி நடுவது, தண்ணீர் தேங்கினால் அடி அழுகுவது, நுனியில் மாவுப்பூச்சி ஏறுவது, இலையைப் பச்சையாகத் தின்னக்கூடாது என்பது, இவை அத்தனையும் மரவள்ளியிடம் நாம் ஏற்கெனவே பார்த்தவைதான். நம் மலேசியாவில் பாயாம் (தண்டுக்கீரை), கங்கோங் (நீர்க்கீரை) வளர்த்த பழக்கத்தில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கையில்தான் சாயா சாகிறது.

விதை அல்ல, குச்சி

வீடுகளில் வளர்க்கும் சாயாவில் நல்ல விதை பிடிப்பது மிக அரிது. வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும், வண்ணத்துப்பூச்சி வரும், ஆனால் காய் நிற்காது. ஆகவே இணையக் கடையில் ‘சாயா விதை 20’ என்று பொட்டலம் பார்த்தால் வாங்க வேண்டாம். முளைத்தாலும் அது வேறு ஏதாவது செடியாகத்தான் இருக்கும்.

குச்சி கிடைக்கும் வழிகள் இரண்டு. வளர்ப்பவர் யாரிடமாவது கவாத்து செய்யும்போது கேட்டு வாங்கலாம். எப்படியும் வெட்டி எறியப்போகும் குச்சி என்பதால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். இல்லையென்றால் நாற்றுப் பண்ணைகளில் விசாரிக்கலாம். கோலாலம்பூர்ப் பக்கம் சுங்கை பூலோவில் சாலையோரம் வரிசையாகப் பண்ணைகள் உண்டு. பினாங்கில் பாலேக் பூலாவ் பக்கம் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குப் போய்வரும்போது பெட்டியில் சுருட்டிக்கொண்டு வரலாமே என்று நினைக்க வேண்டாம். செடி, குச்சி, நாற்று எதுவானாலும் மலேசியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல்.

வாங்கும்போது செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். இதே குடும்பத்தில் கொடிய நஞ்சுள்ள செடிகள் இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது. சாயா இலை கையகலத்தில் இருந்து சாப்பாட்டுத் தட்டு அகலம் வரை இருக்கும், 3 அல்லது 5 மடலாகப் பிளந்திருக்கும், நீண்ட காம்பு. காம்பு இலையின் ஓரத்தில் வந்து சேரும். சேரும் இடத்தில் சிறு குமிழ் போன்ற சுரப்பி தெரியும். காம்பை ஒடித்தால் பால் வெள்ளையாக வடியும். ஆமணக்கில் காம்பு இலையின் நடு வயிற்றில் குடைபோலச் சேரும், வடிவது பாலாக இருக்காது. காட்டாமணக்கில் வடிவது தண்ணீர் போன்ற சாறு, காய்ந்தால் பழுப்பாகும். மரவள்ளி இலையோ விரல் விரலாக அடிவரை பிரிந்திருக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் பூக்கும் வரை காத்திருங்கள். சாயாப் பூ சிறியது, வெள்ளை. சிவப்பாகப் பூத்தால் அது அழகுக்கு வைக்கும் காட்டாமணக்கு வகை, அதைக் கீரையாகச் சமைத்தால் ஆபத்து.

சாயாவில் நான்கு ரகங்கள் பேர்பெற்றவை: எஸ்த்ரெய்யா, பிக்குடா, ரெதோந்தா, சாயாமான்சா. ‘மான்சா’ என்றால் ஸ்பானிய மொழியில் சாதுவானது, அடங்கியது. காட்டுச் சாயாவில் தொட்டால் காஞ்சொறி போலக் கடுக்கும் முட்கள் இருக்கும். வீட்டு ரகங்களில் அது பெரும்பாலும் போய்விட்டது. சாயாமான்சாவில் மிகக் குறைவு. இருந்தாலும் காம்பில் ஒன்றிரண்டு முள் மிச்சமிருக்கும். முதல் சில தடவை ரப்பர் கையுறை போட்டே பறியுங்கள். உங்கள் செடியின் குணம் தெரிந்த பிறகு கையுறையை விட்டுவிடலாம்.

குச்சியை வெட்டுவதும் காயவைப்பதும்

பச்சை நுனி வேண்டாம், அது நட்ட வேகத்தில் அழுகும். பழுப்பேறி முற்றிய, கட்டைவிரல் பருமன் தண்டு வேண்டும். நீளம் 20 முதல் 25 சென்டிமீட்டர், அதில் குறைந்தது 4 கணு. மேல்முனையைச் சாய்வாகவும் அடிமுனையை நேராகவும் வெட்டுங்கள். சாய்வில் மழைத்தண்ணீர் தங்காது. அதைவிட முக்கியம், எது மேல் எது கீழ் என்று பத்து நாள் கழித்தும் தெரியும். தலைகீழாக நட்டுவிட்டு ‘சாயா நம் மண்ணுக்கு வராது’ என்று சொன்னவர்கள் உண்டு. குழப்பம் வந்தால் இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்கள்: மொட்டு தழும்புக்கு மேலே இருக்கும்.

எல்லா இலையையும் நறுக்கிவிடுங்கள். வடியும் பாலைத் தண்ணீரில் கழுவுங்கள், சட்டையில் பட்டால் கறை போகாது, கண்ணில் பட்டால் எரியும். பிறகு குச்சியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிற்கவைத்து 7 முதல் 10 நாள் காயவிடுங்கள். வெட்டுவாய் தொட்டால் உலர்ந்து தோல் கட்டியிருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் 3 நாள் போதாது. அடிமுனையை விறகுச் சாம்பலில் ஒருமுறை ஒற்றி எடுப்பதும் நல்லது. இந்தக் காத்திருப்பைப் பலர் தவிர்க்கிறார்கள், குச்சி காய்ந்து செத்துவிடும் என்ற பயத்தில். சாகாது. மரவள்ளிக் குச்சியைக் கட்டிச் சார்த்தி வைத்து வாரக்கணக்கில் கழித்து நட்டவர்கள்தானே நம் தோட்டப்புறத்துப் பெரியவர்கள்.

எப்போது, எங்கே, எந்த மண்ணில்

கோலாலம்பூரில் ஏப்ரல், நவம்பரை ஒட்டி மழை கொட்டும். ஜூன், ஜூலை ஒப்பீட்டில் வறண்டது. அந்த நேரத்தில் நடுவது பாதுகாப்பு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர்தான் மழை மிகுந்த மாதங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சி. அங்கே ஆண்டின் தொடக்கத்தில் நடுங்கள். வேறு மாதத்தில் நட்டே ஆக வேண்டும் என்றால் முதல் 4 வாரம் மழை நேரடியாகப் படாத கூரையோரம் வைத்தால் போதும்.

தொட்டி என்றால் வாய் அகலம் 40 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பாலிபேக் ஆனால் 16க்கு 16 அங்குலம். அடித்துளைகள் 5, 6 இருக்கட்டும். கலவை: கறுப்பு மண் 3 பங்கு, ஆற்றுமணல் 2 பங்கு, செக்காம் பாக்கார் என்று விற்கும் கருக்கிய உமி 2 பங்கு, நன்கு மக்கிய உரம் 1 பங்கு. வெறும் கறுப்பு மண்ணில் மட்டும் நடாதீர்கள். பைக்குள் இருக்கும்போது பொலபொலவென்று இருக்கும், இரண்டு மாத மழையில் களி உருண்டையாக இறுகிவிடும். கலவை சரியா என்று பார்க்க ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம்போல நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். அதில் நிற்கும் தண்ணீர் வேரையும் அழுகவைக்கும், ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். தரை அழுக்காகிறது என்றால் இரண்டு செங்கல்மேல் தொட்டியைத் தூக்கி வையுங்கள்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் தரையில் நடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். வீடு கட்டும்போது கொட்டி மிதித்த செம்மண் களி, கீழே சிமெண்டுத் துண்டும் ஓட்டுச் சில்லும். தோண்டிக் குழியில் நட்டால் அந்தக் குழியே வாளி ஆகி மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்கும். குழி வேண்டாம், மேடு போடுங்கள்: 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம், மேலே சொன்ன அதே கலவை. மண் புளிப்பாக இருப்பதும் சகஜம். மேட்டுக்கு ஒரு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூளைக் கலந்து இரண்டு வாரம் கழித்து நடுங்கள். இரண்டு செடி என்றால் இடைவெளி ஒன்றரை மீட்டர். வேலிக்கு வெளியே சாலையோரப் புல்தரையில் இடம் இருக்கிறதே என்று நடத் தோன்றும். அது நகராண்மைக் கழகத்தின் இடம். புல் வெட்டுகிறவர்கள் ஒரே வீச்சில் சாய்த்துவிட்டுப் போனால் கேட்க முடியாது.

வெயில் முழுநாளும் பட்டால் சிறப்பு. கொண்டோ (அடுக்குமாடி வீடு) பால்கனியில் 4, 5 மணி நேரம் நேர்வெயில் வந்தாலும் வளரும், கணு நீண்டு தண்டு மெலிந்து இருக்கும், அவ்வளவுதான். மேல்மாடியில் காற்றைக் கவனியுங்கள். சாயாத் தண்டு முருங்கை போல மளுக்கென்று ஒடியும். பால்கனிச் செடியை இடுப்பு உயரத்துக்கு மேல் விடாதீர்கள்.

நட்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் காலம்

குச்சியை 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் செருகி, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்துங்கள். ஒருமுறை தண்ணீர். அதன் பிறகு மண் இரண்டு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும், அதுவும் ஒரு குவளை.

இரண்டு மூன்று வாரத்தில் கணுவில் பச்சை மொட்டு வீங்கும். இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த முதல் இலைகள் குச்சிக்குள் இருக்கும் சேமிப்பில் வருபவை. வேர் இன்னும் வந்திருக்காது. ‘பிடித்துவிட்டது’ என்று நினைத்துத் தண்ணீரும் உரமும் கொடுத்தால் வேரில்லாத குச்சி அப்படியே அழுகும். சோதிப்பதற்கு ஆட்டியோ இழுத்தோ பார்க்கவும் கூடாது. அப்போதுதான் அரும்பிய வேர் அறுந்துபோகும். 5, 6 இலை உள்ளங்கை அளவு வந்து, அடுத்தடுத்து இலை விடும் வரை, ஏறக்குறைய 6 முதல் 8 வாரம், உரம் எதுவும் தேவையில்லை.

அதன் பிறகு கோழிச் சாண உருண்டை உரம் ஒரு செடிக்கு 100 கிராம், 6 வாரத்துக்கு ஒருமுறை. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவி மண்ணால் மூடுங்கள். மூடாவிட்டால் பக்கத்து வீட்டாருக்கு முன்னால் ஈக்கள் வந்து சொல்லும். மக்காத பச்சைக் கோழிச்சாணம் வேரைக் கருக்கும். இலைக்காக வளர்க்கும் செடி என்பதால் தழைச்சத்துதான் முக்கியம், பூவுக்கான உரம் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். வேர் ஊன்றிய செடி இரண்டு வாரம் மழையில்லாவிட்டாலும் தாங்கும். தொட்டிச் செடிக்கு வெயில் நாளில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும்.

என்னென்ன கெடும்

தண்டின் அடி கறுத்து, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் அழுகல். மருந்து தேடாதீர்கள். உடனே பிடுங்கி, உள்ளே வெள்ளையாக, சுத்தமாகத் தெரியும் இடம்வரை மேலே வெட்டுங்கள். நல்ல பகுதி 15 சென்டிமீட்டர் மிஞ்சினால்கூட மறுபடி காயவைத்துப் புது மண்ணில் நடலாம். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. கத்தியைத் துடைக்காமல் அடுத்த செடிக்குப் போகாதீர்கள்.

நுனிக் குருத்து சுருண்டு, வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் மாவுப்பூச்சி. பப்பாளிக்கும் மரவள்ளிக்கும் வரும் அதே பூச்சிதான், ஆகவே பக்கத்தில் பப்பாளி மரம் இருந்தால் அதையும் பாருங்கள். எறும்பு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது முதல் அடையாளம். பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். பாதித்த நுனியை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட்டால் திரும்பி வரும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். 5 நாள் இடைவெளியில் 3 தடவை. மறுநாள் காலை வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள். உண்ணும் இலைக்குக் கடை மருந்து அடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. மழை கழுவிக்கொண்டு போகும் நம் மண்ணில் இது அடிக்கடி வரும். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் போடும் கிசரைட் என்ற மெக்னீசிய உரம் ஒரு மேசைக்கரண்டி தூவலாம், அல்லது எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டரில் கரைத்து ஊற்றலாம். இலை முழுதாகவே வெளிறி உதிர்ந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதிகத் தண்ணீரைத்தான்.

இளம் குருத்து ஒரே இரவில் மொட்டையாகியிருந்தால் ஆப்பிரிக்க நத்தை. இரவு 9 மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். கையுறை போடுங்கள், அந்த நத்தை மூளையைத் தாக்கும் புழுவைச் சுமக்கக்கூடியது.

பறிப்பும் கவாத்தும்

முதல் பறிப்புக்கு மூன்று மாதம் பொறுங்கள். அதன் பிறகும் ஒரு தடவையில் பாதி இலைக்கு மேல் எடுக்கக் கூடாது. மொட்டையடித்த செடி மறுபடி தழைக்க வெகுநாள் எடுக்கும், அந்த நேரம் பார்த்து அழுகலும் வரும். நுனியிலிருந்து எண்ணினால் மூன்றாவதிலிருந்து ஏழாவது இலைவரை சமையலுக்கு நல்ல பதம். அதற்குக் கீழே உள்ளவை நார், மேலே உள்ளவை செடிக்கு. பாகற்கொடி நுனி போலக் குருத்தையே கிள்ளிச் சாப்பிடவும் செய்யலாம், மிக மென்மையாக இருக்கும், ஆனால் கவாத்து செய்யும் நாளில் மட்டும்.

தலைக்கு மேல் போன செடியில் யாருக்கும் இலை எட்டாது. 4 மாதத்துக்கு ஒருமுறை இடுப்பு உயரத்துக்கு வெட்டுங்கள், சாய்வாக, கணுவுக்குச் சற்று மேலே. ஒவ்வொரு வெட்டிலிருந்தும் இரண்டு மூன்று கிளை கிளம்பும். ஒரே நாளில் எல்லாக் கிளையையும் வெட்டாமல் ஒரு கிளையை இலையோடு விட்டுவைத்தால் செடி தளராது. நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் இருமுறை கீரை என்றால் தரையில் இரண்டு செடி, தொட்டியில் மூன்று. அதற்கு மேல் நட்டால் வெட்டுவதே வேலையாகிவிடும்.

வேகவைத்தல்: இதில் சமரசம் இல்லை

மரவள்ளி இலையில் இருப்பது போலவே சாயா இலையிலும் லினமாரின் போன்ற சயனைடு தரும் பொருள்கள் உண்டு. இலை முழுதாக இருக்கும்வரை அது அமைதியாக இருக்கும். நறுக்கினாலோ மென்றாலோ இலையிலேயே வேறு அறையில் இருக்கும் நொதி அதோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அது 26 டிகிரியிலேயே ஆவியாகக்கூடியது, அதனால்தான் கொதிக்கவைத்தால் போய்விடுகிறது. இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன, மூன்றும் அடுப்படியில் பயன்படும்.

முதலாவது, நறுக்கிவிட்டுக் காத்திருங்கள். முழு இலையை அப்படியே கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், நஞ்சின் மூலப்பொருள் உடையாமல் இலைக்குள்ளேயே தங்கும். பொடியாக நறுக்கி 10 நிமிடம் வைத்தால் நொதி தன் வேலையைச் செய்யும். மரவள்ளி இலையை உரலில் இடித்துச் சமைப்பவர்கள் செய்வதும் இதுதான். இரண்டாவது, மூடி போடாதீர்கள். ஆவி வெளியே போக வேண்டும், சமையலறைச் சன்னலும் திறந்திருக்கட்டும். மூன்றாவது, வதக்குவது, ஆவியில் வைப்பது, மைக்ரோவேவில் சூடாக்குவது எதுவும் கொதிக்கவைப்பதற்கு ஈடாகாது.

செய்முறை: 250 கிராம் இலை, சந்தையில் விற்கும் ஒரு கட்டுப் பாயாம் அளவு. தடித்த காம்பைக் களைந்து, கழுவி, அரை விரல் அகலத்துக்கு நறுக்கி 10 நிமிடம் வையுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, கொதி குறையாமல் 20 நிமிடம். வடிகட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆறியதும் கையால் பிழியுங்கள். யுகாத்தானில் அந்தத் தண்ணீரையும் குடிப்பவர்கள் உண்டு; கொட்டிவிடுவதே மேல், கரைந்து இறங்கிய மிச்சமும் அதோடு போகும்.

பாத்திரம் எவர்சில்வர், மண்சட்டி அல்லது எனாமல். அலுமினியப் பாத்திரத்தில் சாயாவை வேகவைக்கக் கூடாது, வயிற்றைக் கெடுக்கும் என்பது அதை உண்ணும் நாடுகளில் பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. எவர்சில்வர் இல்லாத வீடு நம்மிடம் இல்லை, பிறகு எதற்கு வம்பு.

அன்னாசியோடு பச்சை இலையை அடித்துச் சாறாகக் குடிக்கச் சொல்லும் காணொளிகள் சுற்றிவருகின்றன. அதைச் செய்யாதீர்கள். நறுக்கி அடிப்பதில் நஞ்சு வெளிவருமே தவிர, போவதற்கு வழியில்லை.

சமையல்

வெந்த சாயா பாயாம் போலக் குழைந்து சுருங்காது. கடிக்க ஏதோ இருக்கும், முட்டைக்கோசுக்கும் மரவள்ளிக் கொழுந்துக்கும் நடுவில் ஒரு பதம். வழவழப்பில்லை, கசப்பில்லை, தனக்கென்று பெரிய வாசமும் இல்லை. ஆகவே உப்பு, புளிப்பு, காரம் ஏதாவது ஒன்று தூக்கலாக இருக்கும் சமையலில்தான் அது எடுபடும்.

நெத்திலிச் சம்பல் பிரட்டல் இதற்கு மிகப் பொருத்தம். ஊறவைத்த காய்ந்த மிளகாய் 6, சின்ன வெங்காயம் 6, பூண்டு 2 பல், சுட்ட பெலாச்சான் (இறால் விழுதுக் கட்டி) ஒரு கட்டைவிரல் நக அளவு, எல்லாவற்றையும் அரைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் நெத்திலியைக் கழுவித் துடைத்து மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் அரைத்த விழுதை மிதமான தீயில் எண்ணெய் பிரியும்வரை, 7, 8 நிமிடம், பொறுமையாக வதக்குங்கள். அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. பிழிந்த சாயா 200 கிராம் போட்டு 3 நிமிடம் பிரட்டி, நெத்திலியைத் தூவி இறக்குங்கள். உப்பைக் கடைசியில் ருசிபார்த்துப் போடுங்கள், நெத்திலியிலும் பெலாச்சானிலும் ஏற்கெனவே இருக்கிறது.

புச்சோக் ஊபி மாசாக் லெமாக் (தேங்காய்ப்பாலில் மரவள்ளிக் கொழுந்து) தெரிந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கொழுந்துக்குப் பதில் சாயா. சிலி பாடி (சிறிய காரமிளகாய்) 6, பச்சை மஞ்சள் ஒரு துண்டு, சின்ன வெங்காயம் 6 இடித்து, தட்டிய செராய் (எலுமிச்சைப்புல்) ஒரு தண்டு, 200 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு, சர்க்கரைவள்ளித் துண்டுகள் 150 கிராம் வேகவையுங்கள். வெந்ததும் சாயா, பிறகு 200 மில்லி சந்தான் (தேங்காய்ப்பால்). சந்தான் ஊற்றியதும் தீயைக் குறையுங்கள், கொதித்தால் திரியும்.

கூட்டுக்கு 100 கிராம் பாசிப்பருப்பை மஞ்சளோடு குழைய வேகவைத்து, வெந்த சாயா 200 கிராம், தேங்காய் 3 மேசைக்கரண்டியும் சீரகம் ஒரு தேக்கரண்டியும் பச்சைமிளகாய் 2ம் சேர்த்து அரைத்த விழுது, உப்பு. 5 நிமிடக் கொதி. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலைத் தாளிப்பு.

பருப்பு வடையில் போடுவது நன்றாக வரும்: 200 கிராம் கடலைப்பருப்புக்கு 80 கிராம் சாயா. இரண்டு தவறு நடக்கும். ஒன்று, பிழியாமல் போடுவது. வடை எண்ணெய் குடித்துப் பிரிந்துவிடும். மற்றது ஆபத்தானது: முருங்கைக்கீரை போலப் பச்சையாகவே மாவில் கலப்பது. வடை எண்ணெயில் கிடக்கும் 4 நிமிடம் உள்ளே இருக்கும் இலைக்குப் போதாது. அடை, தோசை மாவுக்கும் இதே விதி, எப்போதும் வெந்த கீரைதான். முட்டையோடு பொரிப்பதற்கும் அப்படியே. யுகாத்தானில் காலை உணவாகச் சாயாவும் முட்டையும் உண்பது வழக்கம்.

சத்து, யாருக்கு எவ்வளவு

பச்சை இலை 100 கிராமில் புரதம் 5.7 கிராம், கால்சியம் 199 மில்லிகிராம், இரும்பு 11.4 மில்லிகிராம், வைட்டமின் சி 165 மில்லிகிராம் என்பது ஆய்வுகளில் வந்த அளவு. பக்கத்தில் வைத்து அளந்த பசலையில் புரதம் 3.2, கால்சியம் 101, இரும்பு 5.7. இவை பச்சை இலைக்கான எண்கள் என்பதை மறக்கக் கூடாது. 20 நிமிடக் கொதியில் வைட்டமின் சி-யில் பெரும்பங்கு போய்விடும், புரதம் தங்கும். செடியிலிருந்து வரும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும் என்பதால், போனதை ஈடுகட்ட, இறக்கியபின் இரண்டு லீமாவ் கஸ்தூரியை (சிறு எலுமிச்சை வகை) பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். சாயாவுக்குப் பிறகு சாயா வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நீரிழிவைக் குணப்படுத்தும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் செய்திகளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். இது கீரை, மருந்து அல்ல. சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், தைராய்டுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை சாப்பிடும் எவரும் ஒரு கரண்டியோடு நிறுத்தி, மறுநாள் வயிறு எப்படி என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். கைக்குழந்தைக்கு வேண்டாம்.

கவாத்து நாளில் இலை மலையாகக் குவியும். பச்சையாகக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் ஓரம் கறுக்கும். எல்லாவற்றையும் அன்றே நறுக்கி, இரண்டு மூன்று ஈடாக வேகவைத்து, பிழிந்து, 100 கிராம் உருண்டைகளாகப் பிடித்து உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு மாதம் கெடாது. எடுத்து உருகவைக்க வேண்டியதில்லை. உருண்டையைக் கொதிக்கும் கூட்டில் அப்படியே போட்டால் 5 நிமிடத்தில் தானே பிரிந்துகொள்ளும்.